சென்ட் டப்பாவில் இரட்டை அச்சு தேடுவோருக்கு

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு டப்பா இருக்கும். செலவழிக்கவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனம் வராமல் திரும்பி வந்த ஒரு சென்ட் காசுகள் அதில் கிடக்கும். 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச்சாலை புழக்கத்துக்கான சென்ட் அடிப்பதை நிறுத்திய பிறகு அந்த டப்பாக்கள் மீது எல்லோருக்கும் திடீர்ப் பாசம். 'இந்தக் காசு உங்களிடம் இருக்கிறதா?' என்று மிரட்டுகிற வீடியோக்களில் அடிக்கடி அடிபடும் பெயர் டபுள்டு டை, அதாவது இரட்டை அச்சு.

விஷயம் உண்மைதான். ஆனால் எழுத்து இரண்டாகத் தெரிகிற காசுகளில் மிகப் பெரும்பாலானவை இரட்டை அச்சு அல்ல. எதைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆபிரகாம் லிங்கன் முகம் போட்ட சென்டை வைத்தே குறிப்புகளைச் சொல்கிறேன். டப்பாவில் கிடப்பதும் அதுதான், இரட்டை அச்சில் பேர்பெற்றதும் அதுதான்.

1. முதலில் இது எப்படி நேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹப் எனப்படும் எஃகுத் தண்டின் முகத்தில் நாணயத்தின் உருவம் மேடாக இருக்கும். அதை இன்னொரு எஃகுத் தண்டில் பெரும் விசையோடு அழுத்தும்போது அங்கே உருவம் பள்ளமாக விழுகிறது. அதுதான் டை, நாணயம் அடிக்கும் அச்சு. 1990களின் பிற்பகுதிவரை அமெரிக்க நாணயச்சாலைகளில் ஒரே அழுத்தத்தில் முழு உருவமும் இறங்காது. முதல் அழுத்தத்தில் எஃகு இறுகிவிடும். உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி ஹப்பின் கீழ் வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் தடவை வைக்கும்போது இம்மி திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் பதிந்துவிடும்.

கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சிலேயே பூ இரண்டு தடவை செதுக்கப்பட்டிருந்தால் அன்று பிடிக்கிற அத்தனை கொழுக்கட்டையிலும் அதே இரட்டைப் பூ, அதே இடத்தில் இருக்கும். அச்சு சரியாக இருந்து, எடுக்கும்போது கை இழுத்துவிட்டால் அந்த ஒரு கொழுக்கட்டையின் ஓரம் மட்டும் நசுங்கும். முதலாவதுதான் நாம் தேடுவது. இரண்டாவதைச் சேகரிப்பவர்கள் மெஷின் டபுளிங் என்பார்கள். அதற்குக் கூடுதல் விலை கிடையாது.

2. கழுவாதீர்கள். இதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் போதாது. செம்பு என்றதும் நம் கை புளியைத் தேடும். எலுமிச்சை, சாம்பல், பற்பசை என்று வீட்டுக்கு வீடு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல்தோலைப் புளி தின்றுவிடும். பிறகு அது அசாதாரணமான இளஞ்சிவப்பில் பளபளக்கும். அரிய காசாகவே இருந்தாலும் தேய்த்துக் கழுவியது என்று தெரிந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு எடுங்கள், துடைக்காமல் ஒற்றி உலர்த்துங்கள். அதற்கு மேல் கைவைக்க வேண்டாம்.

3. காசை விளிம்பில் பிடியுங்கள். செம்பின் மேல் பட்ட விரல் ரேகை சில மாதங்களில் கருத்துத் தங்கிவிடும். மேசையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்துப் பாருங்கள், கை நழுவினாலும் அடிபடாது.

4. கண்ணாடி விஷயத்தில் பேராசை கூடாது. நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிற பத்து மடங்கு லூப் ஒன்று போதும். தொடக்கத்தில் அலசுவதற்கு ஐந்து மடங்கே போதும். கணினியில் மாட்டுகிற மைக்ரோஸ்கோப் வாங்கி நூறு மடங்கில் பார்த்தால் எல்லாக் காசும் அரிய காசாகத் தெரியும். சாதாரணக் கீறல் மலைத்தொடராகும், எழுத்தின் ஓரத்து நிழல் இரண்டாவது எழுத்தாகும். பத்து மடங்கில் தெரியாத இரட்டிப்பைப் பெரிய விலை கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

5. ஒரே ஒரு விளக்கு. அறையின் குழல் விளக்கு, ஜன்னல் வெளிச்சம், மேசை விளக்கு மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று நிழல். மற்றவற்றை அணைத்துவிட்டு மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, காசை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். விளக்கு எந்தப் பக்கமிருந்து விழுந்தாலும் இரட்டிப்பு அதே இடத்தில் இருந்தால் மேலே பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தோன்றி மறைந்தால் டப்பாவில் போடுங்கள்.

6. எங்கே பார்ப்பது? முகப்பில் மூன்று இடங்கள்: லிங்கன் தலைக்கு மேலே வளைந்து போகும் 'இன் காட் வி டிரஸ்ட்' வாசகம், அவர் முதுகுப்பக்கம் இருக்கும் 'லிபர்ட்டி', முகத்துக்கு எதிரே இருக்கும் ஆண்டு. பிறகு காதுமடலும் கண்ணிமையும். பின்புறத்தில் மேல்வளைவில் நாட்டின் பெயர், கீழே 'ஒன் சென்ட்'. இந்த வரிசையை மாற்றாமல் பழகிக்கொண்டால் ஒரு காசுக்கு அரை நிமிடம் ஆகாது. ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்குகிறவர்கள் 1983, 1984 காசுகளைத் தவறவிடுவார்கள். முன்னதில் விஷயம் பின்புறத்தில், பின்னதில் காதில்.

7. இரட்டை அச்சில் எழுத்து தடிக்கும், மெஷின் டபுளிங்கில் மெலியும். இந்தத் தொழிலில் ஒரே ஒரு சோதனைதான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை அச்சில் இரண்டு முழு உருவங்கள் பதிந்திருப்பதால் இரண்டுமே உருண்டு மேடாக நிற்கும். எழுத்து வழக்கத்தைவிடப் பருமனாக இருக்கும். எழுத்துக் கால்களின் முனையிலும் மூலையிலும் இரண்டு உருவம் பிரிகிற இடத்தில் ஒரு சிறு வெட்டு, ஒரு பிளவு தெரியும். அந்தப் பிளவைக் கண்டால்தான் நாடித்துடிப்பு ஏற வேண்டும்.

மெஷின் டபுளிங் வேறு. அடிக்கும் கணத்தில் தளர்ந்திருந்த அச்சு, ஏற்கெனவே பதிந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டித் தள்ளிவிடுகிறது. அதனால் எழுத்தின் பக்கவாட்டில் தட்டையாக, தாழ்வாக, பளபளவென்று ஒரு படி உண்டாகும். எழுத்தின் உடம்பிலிருந்தே அந்தப் படி வெட்டப்பட்டதால் எழுத்து ஒல்லியாகிவிடும். பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். படம் எடுத்துப் போட்டால் இதுதான் அழகாக, எடுப்பாகத் தெரியும். ஏமாறுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

8. ஆண்டுக்குக் கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள். 'டி' இருந்தால் டென்வர், 'எஸ்' இருந்தால் சான் பிரான்சிஸ்கோ, ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா. 1989 வரை சென்ட் அச்சுகளில் இந்த எழுத்து ஹப்பில் கிடையாது. அச்சு தயாரான பிறகு தனியாக ஒரு சிறு உளியால் கையால் அடித்துப் பதிப்பார்கள். அப்படியென்றால் அந்தக் காலத்து அசல் இரட்டை அச்சில் ஆண்டும் வாசகமும் இரட்டையாக இருக்கும்போது இந்த எழுத்து மட்டும் ஒற்றையாக இருக்க வேண்டும். அதுவும் ஆண்டோடு சேர்ந்து ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் மெஷின் டபுளிங், சந்தேகமே வேண்டாம். மாறாக, இந்த எழுத்து மட்டும் இரட்டையாகி மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்த உளியை இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். அது வேறு வகை. அதற்கும் சேகரிப்பவர்கள் உண்டு, தனியே எடுத்து வையுங்கள்.

9. சோதனையின் அருமை 1969 'எஸ்' சென்டில் விளங்கும். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த அந்த ஆண்டின் இரட்டை அச்சு மிக அரியது. அதே சமயத்தில் 1969 தேதியிட்ட பிலடெல்பியா சென்டைப் போலியாக இரட்டை அச்சில் செய்த ஆசாமிகள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அந்தப் பரபரப்பில் அமெரிக்க ரகசியப் போலீஸ் அசல் 1969 'எஸ்' காசுகள் சிலவற்றையும் கைப்பற்றிக்கொண்டு போனது. பிறகுதான் அவை நாணயச்சாலையே அடித்தவை என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று அந்தக் காசு பல்லாயிரம் டாலர் பெறும். அதனாலேயே ஆண்டில் லேசாக இழுபட்ட 1969 'எஸ்' காசு ஒவ்வொன்றும் 'அதுதான் இது' என்று விற்பனைக்கு வருகிறது. 'எஸ்' ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் அவற்றில் முக்கால்வாசி அங்கேயே விழுந்துவிடும்.

10. 1982க்குப் பிந்திய காசுகளில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. அதுவரை 3.11 கிராம் எடையில் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருந்த சென்ட், அந்த ஆண்டில் செம்பு முலாம் பூசிய 2.5 கிராம் துத்தநாகமாக மாறியது. 1982 தேதியில் இரண்டு வகையுமே உண்டு. நகைக்கடைத் தராசு எடையைக் காட்டிவிடும். இல்லாவிட்டால் மரமேசையில் மெதுவாகப் போட்டுப் பாருங்கள், பழையது கணீரென்கும், புதியது மொத்தென்று விழும். (டப்பாவில் சும்மா கிடக்கும் காசுக்குத்தான் இந்தச் சோதனை. சந்தேகத்தில் எடுத்து வைத்ததைப் போட்டுப் பார்க்காதீர்கள்.) முலாம் மெல்லியது என்பதால் அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் கிழிந்து உள்ளிருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகம் கோடாகத் தெரியும். லூப்பில் அது இரண்டாவது எழுத்து மாதிரியே இருக்கும். நிறத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம்: இரட்டை அச்சில் இரண்டு உருவமும் செம்பு நிறம்தான்.

11. தேய்ந்த அச்சு தரும் இரட்டிப்பும் உண்டு. லட்சக்கணக்கில் அடித்து ஓய்ந்த அச்சில் எழுத்தின் ஓரங்கள் கரைந்து, குழம்பி, வெளிவிளிம்பை நோக்கிப் பரவும். 1955 சென்டில் கடைசி ஐந்து மட்டும் இப்படி இரட்டையாகத் தெரிவது ஏராளமாகக் கிடைக்கிறது. 'ஏழையின் இரட்டை அச்சு' என்று அதற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு. அசலை வாங்க முடியாதவர்களுக்குச் சில்லறை விலைக்கு ஒரு ஆறுதல்.

12. அசல் 1955 எப்படி இருக்கும்? லூப்பே வேண்டாம். ஆண்டு, 'லிபர்ட்டி', மேல் வாசகம் மூன்றும் வெறும் கண்ணுக்கே இரண்டு இரண்டாகத் தெரியும். லிங்கனின் முகம் மட்டும் ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். காரணம் எளிது. இரண்டாம் அழுத்தத்தில் உருவம் மையத்தைச் சுற்றித் திரும்பியிருக்கிறது. மையத்துக்குப் பக்கத்தில் விலகல் குறைவு, விளிம்புக்குப் போகப் போக அதிகம். பின்புறம் முழுக்க ஒற்றைதான்.

பிலடெல்பியாவில் ஓர் இரவுப் பணியின்போது இது கவனத்துக்கு வந்தது. அதற்குள் ஏறத்தாழ 40,000 காசுகள் அடித்தாகிவிட்டது. அவற்றில் பாதிக்குமேல் மற்றக் காசுகளோடு கலந்தும் போயிருந்தது. இதற்காக அத்தனை காசையும் உருக்குவதா என்று விட்டுவிட்டார்கள். சுமார் 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கும் என்பது கணக்கு. போன வழிதான் சுவாரசியம். அப்போது இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் விலையுள்ள சிகரெட் பாக்கெட் விழும். மீதி இரண்டு சென்டைப் பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். பாஸ்டன் பக்கத்திலும் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் சிகரெட் பிடித்தவர்கள் கையில்தான் இந்தக் காசு முதலில் கிடைத்தது. தேய்ந்துபோன ஒன்றுகூட இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

13. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். ஒரே அச்சில் பிறந்த காசுகள் அனைத்திலும் இரட்டிப்பு மட்டுமல்ல, அந்த அச்சிலிருந்த கீறல்களும் அப்படியே பதிந்திருக்கும். 1955 அசலில் பின்புறம் 'சென்ட்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு இடப்பக்கம் மெல்லிய கீறல்கள் இருக்கும். 1972இன் பேர்பெற்ற இரட்டை அச்சில் பின்புறம் 'யுனைடெட்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி ஒரு சிறு குழி அடையாளம் உண்டு. முகப்பு பிரமாதமாக இருந்தும் இந்த அடையாளம் இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரட்டிப்பை நகலெடுக்கிறவன் எதிர்ப்பக்கக் கீறலை மறந்துபோவது வழக்கம்.

14. டப்பாவைக் கொட்டியதும் தனியே பிரிக்க வேண்டிய ஆண்டுகள்: 1972, பிலடெல்பியா, முகப்பு முழுக்க, நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டாலர். 1983, பிலடெல்பியா, பின்புறத்து எழுத்துகள் அத்தனையும் தடித்துப் பிரிந்திருக்கும். 1984, பிலடெல்பியா, காதுமடலுக்குக் கீழே இன்னொரு காதுமடல். 1997இலும் காதில்தான். 1995, பிலடெல்பியா, 'லிபர்ட்டி'யும் 'இன் காட்' சொற்களும் தெளிவாகப் பிரிந்திருக்கும், ஆண்டில் தேடினால் கிடைக்காது. புதுக்கருக்கு மாறாத 1995க்குச் சில பத்து டாலர்தான். ஆனால் தேடுகிற சாதாரண மனிதர் கையில் உண்மையிலேயே அகப்படக்கூடியது இது. என்னைக் கேட்டால் பழகுவதற்கு ஒரு 1995 காசை விலைக்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அசல் பிளவு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் மெஷின் டபுளிங் அதன் பிறகு ஏமாற்றாது.

15. ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யத் தொடங்கிய பிறகும் இரட்டை அச்சு நின்றுவிடவில்லை. முதலில் அச்சு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏறும்போது நிமிர்ந்தால், காசின் மையப் பகுதியில் சின்னதாக ஓர் இரட்டிப்பு விழுகிறது. 2009இல் லிங்கன் மரத்துண்டின் மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற சென்ட் வந்ததே, அதில் கைவிரல் கூடுதலாகத் தெரிகிற அச்சுகள் பல இருக்கின்றன. ஆகவே புதிய காசில் விளிம்பு எழுத்தைவிட நடுப்பகுதியைப் பாருங்கள். விலை அதிகமில்லை, தேடும் சுகம் உண்டு.

16. சில இரட்டை அச்சுகளில் இரண்டு உருவமும் ஒன்றல்ல. 1942இல் பத்து சென்ட் காசுக்கான அச்சு ஒன்றை முதலில் 1941 ஹப்பாலும் பிறகு 1942 ஹப்பாலும் அழுத்திவிட்டார்கள். இரண்டுக்குக் கீழே ஒன்று எட்டிப் பார்க்கும். பிலடெல்பியா, டென்வர் இரண்டிலும் இது நடந்திருக்கிறது. வெள்ளிக் காசு, டப்பாவில் கிடைக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஆண்டின் கடைசி எண்ணை உற்றுப் பார்க்கிற பழக்கம் நல்லது.

17. சந்தேகம் தீராவிட்டால் அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு பட்டியலோடு ஒப்பிடுங்கள். பில் ஃபிவாஸும் ஜே.டி. ஸ்டான்டனும் எழுதிய செர்ரிபிக்கர்ஸ் கைடு இதில் எல்லோரும் பிடிக்கிற நூல். அதில் முகப்பு இரட்டை அச்சுகளின் எண் 101 முதலும் பின்புறத்தவை 801 முதலும் தொடங்கும். விற்பனை விவரத்தில் எஃப்எஸ்-101 என்று பார்த்தால் அது இந்த நூலின் எண்தான். உங்கள் காசு அந்தப் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'கிட்டத்தட்ட இதேதான்' என்றால் இது அல்ல.

18. சான்றுக்கு அனுப்பும் முன் கணக்குப் போடுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களில் தரம் பார்க்க ஒரு கட்டணம், வகையைக் குறிக்கத் தனிக் கட்டணம், அதோடு கடல் கடந்த தபால் செலவு. சிறிய இரட்டை அச்சுகளுக்கு இந்தச் செலவே காசின் விலையைத் தாண்டிவிடும். 1955, 1969 'எஸ்', 1972 என்றால் அனுப்புங்கள். மற்றவற்றை நல்ல படம் எடுத்து அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டுவதே போதும்.

19. நம் ரூபாய் நாணயங்களுக்கும் பார்க்கும் முறை இதுதான். ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு டைமண்ட், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. 'டபுள் டை' என்று ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விலை சொன்னால் ஏழாம் குறிப்பின்படி எழுத்து தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள், பேரம் அங்கேயே முடிந்துவிடலாம்.

20. கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது. மெத்தென்று வளைகிற சாதாரண பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலுள்ள பிவிசி நாளடைவில் பச்சைப் பிசுக்காகக் காசில் இறங்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் செம்பைக் கறுக்கச் செய்யும். நடுவில் வட்டமாக மைலார் தாள் ஒட்டிய அட்டைச் சட்டங்கள் நாணயக் கடைகளில் கிடைக்கும், அதுவே சிறந்தது. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு, டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டு வையுங்கள். ஆண்டு, நாணயச்சாலை, இரட்டிப்பு எந்த இடத்தில் என்பதைக் காசை உள்ளே வைக்கும் முன்பே அட்டையில் எழுதிவிடுங்கள். ஸ்டேப்ளர் முள்ளின் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்து அட்டையிலுள்ள காசைக் கீறும். திறக்கும்போது முட்களை முதலில் எடுத்துவிட்டுத்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும்.